மூன்றாவது பாயிண்ட்

ஒரு நிமிஷம் அக்கா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த வாழைப்பழத்தைக் கொஞ்சம் பின்னால் எடுங்கள். நீங்கள் ஆசையாகத்தான் நீட்டுகிறீர்கள், மடியில் இவளும் கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வைத்திருக்கிறாள், எல்லாம் தெரிகிறது. ஆனாலும் வேண்டாம். கண்ணேறு, தோஷம், அந்த மாதிரி எதுவும் இல்லை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணுகிறவள் நான். இது வேறு காரணம். பஸ் சாத்தூர் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன். கேட்டுவிட்டு நான் செய்வது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள். தப்பு என்றால் ஏன் தப்பு என்றும் சொல்ல வேண்டும். சும்மா "அதெல்லாம் அப்படித்தாம்மா" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழத்தை நீங்கள் சாப்பிடுங்கள். உரித்தாயிற்று, கறுத்துப்போகும்.

உங்கள் பக்கம் சேனை வைக்கிற வழக்கம் உண்டுதானே? பிள்ளை பிறந்ததும், தாய்ப்பால் கொடுப்பதற்கு முன்னாலேயே, சீனித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் ஒரு சொட்டு விடுவார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்பார்கள். அதனால் சொந்தத்தில் யார் பொறுமைசாலி, யார் கெட்டிக்காரர் என்று ஆள் தேடிப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். எனக்கு வைத்தது என் அத்தை வெயிலம்மாள், அப்பாவுடைய அக்கா. எங்கள் வீட்டில் அம்மா, அத்தை எல்லாரையும் வா, போ என்றுதான் பேசுவோம். நான் வந்தாள், போனாள் என்று சொன்னால் மரியாதை தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அத்தை சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதானே நாம் சொல்கிறோம். அங்கே மேஸ்திரியிடம் எதைக் கேட்க வேண்டும் என்றாலும் மற்றப் பெண்கள் அத்தையைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். அவள் சண்டைக்குப் போகிறவள் இல்லை. சண்டை நடக்கப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கிறவள். பேசும்போது சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக மடக்குவாள். கட்டைவிரலுக்கு வருவதற்குள் எதிரே நிற்கிறவர் செருப்பைத் தேடுவார். கல்யாண வீட்டில் பந்தியில் இரண்டாவது அப்பளம் ஏன் வரவில்லை என்பதற்கு மூன்று விரல் மடக்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது என் கஷ்டத்தைக் கேளுங்கள். ஏழாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிக்கொண்டு ஓடி வருகிறேன். எங்கள் அம்மா சுப்புத்தாய் என்ன சொல்ல வேண்டும்? நல்லாப் பேசினியா கண்ணு என்று கேட்க வேண்டும். அவள் பக்கத்து வீட்டைப் பார்த்து, "எங்க நாத்தனா வச்ச சேனை பேசுது பாரு" என்றாள். கல்லூரியில் பட்டிமன்றம், அதற்கும் சேனை. பல்கலைக்கழக விடுதிக் கேட்டை விளக்கு வைக்கும் முன்னாலேயே பூட்டக் கூடாது என்று எல்லாப் பெண்களுக்காகவும் நான் போய்ப் பேசி ஜெயித்தேன். ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னால், அப்பா சிரித்துக்கொண்டே அத்தைக்குப் போன் போடுகிறார், அக்கா உன் சேனை வீண்போகலை என்று. காளிராஜைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் நின்றபோதும் அதே பேச்சு. படித்தது நான், ராத்திரி முழித்தது நான், நெஞ்சு படபடக்க மேடை ஏறியது நான். பேர் மட்டும் ஒரு சொட்டுச் சீனித் தண்ணீருக்கு.

இதைவிட மோசம், நானும் அத்தையும் ஒரே அச்சு என்று சொல்கிறார்களே, அதுதான். எந்தக் கோணத்தில் அக்கா? முதலாவது, அத்தை சத்தம் போட்டு ஜெயிப்பாள், நான் ஆதாரத்தோடு பேசுவேன். இரண்டாவது, அத்தை அடுத்தவரை முடிக்க விடமாட்டாள். இருங்கள் அக்கா, நான் முடித்துக்கொள்கிறேன். மூன்றாவது, அத்தைக்கு எதிலும் விட்டுக்கொடுக்கத் தெரியாது, எனக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி விஷயம் இன்னும் வரவில்லை. விரலா? அது எண்ணிக்கை தவறக் கூடாது என்று மடக்குகிறேன். அது வேறு.

சரி, வளைகாப்புக்கு வருகிறேன். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், மணையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எதிரிலேயே, என்னை ஒரு வார்த்தை கேட்காமலேயே, பிள்ளைக்குச் சேனை யார் வைப்பது என்று பேச்சு எடுத்துவிட்டார்கள். என் மாமியார் தன் தம்பியைச் சொன்னார். தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். குழம்பில் உப்பு இல்லை என்றால் சொல்லக்கூட மாட்டார், தானே எழுந்து போய்ப் போட்டுக்கொள்வார். அவர் வைத்தால் பிள்ளை அமைதியாக இருக்குமாம். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது, அதற்குள் அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள். மருமகளுக்கு வைத்தவள் நான், அவள் பிள்ளைக்கும் நான்தான் வைப்பேன், இதில் பேச என்ன இருக்கிறது என்றாள். யாரும் வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன்.

அப்புறம் என்ன, மற்ற எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை ஒரு விரல் மடக்க, நான் ஒரு பதில் சொல்ல, புளியோதரையும் தயிர்ச் சாதமும் மூடி போட்டபடியே ஆறிப்போயின. பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிரச் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டரம்மாவே சொல்கிறார் என்று நான் சொன்னேன். அந்த டாக்டரம்மாவுக்கே அவர்கள் வீட்டில் யாராவது வைத்திருப்பார்கள், போய்க் கேள் என்றாள் அத்தை. கடைசியில் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"உம்புள்ள வாயில நீயே பூட்டுப் போட்டு, சாவியை இடுப்புல சொருகிக்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

சாப்பிடாமல் போனது என்னை உறுத்தியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு இல்லை. அம்மாவிடமும் காளிராஜிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். யார் வந்தாலும் சரி, என் பிள்ளை வாயில் என் பாலுக்கு முன்னால் எதுவும் படக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் தோற்றுப்போனால், நாளைக்கு இது என்ன சாதித்தாலும் எவர் பேரையாவதுதான் சொல்வார்கள். நான் பட்டது போதாதா?

வலி வந்தது காலையில். அம்மா வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே போனில் என் ஆராய்ச்சி மேடத்திடம் இரண்டாவது அத்தியாயத்தை ஏன் மாற்ற முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு பிடிப்பு. அம்மா பார்த்துவிட்டு, இது சூட்டு வலியாக இருக்கும், சீரகக் கஷாயம் குடி, சூட்டு வலி என்றால் நின்றுவிடும், பிள்ளை வலி என்றால் கூடும் என்றாள். இதற்கு ஏதாவது நிரூபணம் உண்டா என்று கேட்டேன். குடிச்சுப் பாரு, தெரியும் என்றாள். குடித்தேன். கூடியது. அம்மாவுக்கு ஒரே பெருமை. ஒரே ஒரு ஆளிடம் சோதித்துப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. முதுகெலும்பை ஈரத்துணி மாதிரி யாரோ பிழிந்து, உதறி, மறுபடி பிழிந்தார்கள்.

வலி அலை மாதிரி வரும், போகும் என்று நான் படித்த புத்தகத்தில் போட்டிருந்தது. எழுதினவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும், நான் அட்டையைப் பார்க்கவில்லை. அலை என்றால் காலை நனைத்துவிட்டுப் போகும். இது உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

காளிராஜ் ஆட்டோ பிடித்தார். ஒயர் கூடையில் பிளாஸ்க், பழைய வேட்டித் துணி, எல்லாவற்றையும் எப்போதோ அடுக்கி வைத்திருந்தார். அவர் ஐ.டி.ஐ.யில் வாத்தியார், எதற்கும் பதற மாட்டார். அன்றைக்கு அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவராவது பதறினால்தானே நமக்கு ஒரு ஆறுதல்?

அம்மா ஊர் ஆஸ்பத்திரியில் செலின் சிஸ்டர் என்று ஒருவர். கையைக் கழுவிவிட்டு வந்து சோதித்துப் பார்த்தார். ரெண்டு விரல் திறந்திருக்கு, இன்னும் நேரமாகும், நட என்றார். கூட ஒரு ஆள் உள்ளே வரலாம், பெண்ணாக இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும் என்றார். விடுவேனா? என் வீட்டுக்காரர் ஏன் வரக் கூடாது, இதில் அவருக்குப் பங்கு இல்லையா என்று கேட்டேன். நடுவில் ஒரு வலி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அது போனதும் விட்ட இடத்திலிருந்து கேட்டேன். சிஸ்டர் கோபப்படவே இல்லை.

"உள்ள இன்னும் ரெண்டு பேரு வலியில கெடக்காங்கம்மா. நடுவுல வெறும் திரைதான். உன் வீட்டுக்காரரு வந்து நின்னா அவங்க எங்க போவாங்க?"

நியாயமான பாயிண்ட். எதிரே நிற்கிறவரிடம் நியாயமான பாயிண்ட் இருந்தால் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

அம்மாதான் வருவதாக ஏற்பாடு. அம்மாவுக்குக் கறிக்கடைப் பக்கம் போனாலே தலைசுற்றும், அதைச் சொல்லாமல் தைரியமாகத்தான் கிளம்பினாள். பிரசவ அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே இருந்து ஒரு பெண் கத்திய சத்தம் வந்தது. அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். காளிராஜ் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். வலி எனக்கு, சோடா அம்மாவுக்கு. என் மாமியார் வருவதற்கு ராத்திரி ஆகும் என்றார்கள். நான் தனியாகவே போகிறேன், எனக்கு யாரும் வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, காளிராஜ் சட்டைக் காலரை விடவில்லை.

அப்போதுதான் வராந்தா முனையில் ஒரு குரல். வாட்ச்மேனிடம் யாரோ, பார்வை நேரம் என்பது நோயாளியைப் பார்க்கிறவர்களுக்கு, பிள்ளை பெறுகிறவள் நோயாளியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அம்மா எனக்குத் தெரியாமல் போன் பண்ணியிருக்கிறாள்.

அத்தை வந்து என் எதிரில் நின்றாள். நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை இல்லை, இடுப்பை. முந்தானை முடிச்சில் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம் உருண்டையாகத் தெரிந்தது. சீனித் தண்ணீர். காய்ச்சி, ஆறவைத்து, இத்தனை தூரம் பஸ்ஸில் எடுத்து வந்திருக்கிறாள்.

"பேசமாட்டன்னா பேசாத" என்றாள். "பிடிச்சுக்கத் தோளு வேணும்ல? அதைப் பிடிச்சுக்க. தோளு உங்கிட்ட எதுவும் பேசாது."

பிடித்துக்கொண்டேன் அக்கா. வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

உள்ளே போனபிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? நடப்பேன், வலி வரும், நிற்பேன். நின்றதும் அத்தை உள்ளங்கையின் அடிப்பகுதியால் என் நடு இடுப்பில் அழுத்துவாள். தீப்பெட்டி ஒட்டி ஒட்டிக் காய்த்துப்போன கை. எங்கே வலிக்கிறது என்று கேட்கவே மாட்டாள், சரியாக அங்கேதான் அழுத்தினாள். சிஸ்டர் என்னைப் படுக்கச் சொன்னார். படுத்தால் வலி இரண்டு மடங்கு, நான் உட்கார்ந்தே இருக்கிறேன் என்றேன். படுத்தால்தான் பார்க்க முடியும் என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வலி வந்து வாயை அடைத்தது. அத்தை எடுத்துக்கொண்டாள். பார்க்கும்போது படுப்பாள், பார்த்து முடித்ததும் உட்காருவாள், வலி அவளுக்கா உங்களுக்கா, இதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று வரிசையாகக் கேட்டாள். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் நான் தொடர்ந்தேன். நான் நிறுத்திய இடத்தில் அவள். சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மாவும் மகளுமா?"

"இல்லை" என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.

உட்கார விட்டார். நல்ல மனுஷி. திரைக்கு அந்தப் பக்கம் வலியில் இருந்த பெண், "எனக்கும் சேத்துக் கேளுங்கக்கா" என்றாள். கேட்டோம்.

பனிக்குடம் உடைந்ததற்கு அப்புறம்தான் அது நடந்தது. எனக்குப் பேச்சு நின்றுபோனது. அக்கா, நான் தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். அப்போது உள்ளே ஒரு வார்த்தை இல்லை. வலி வருவதும் தெரிகிறது, சிஸ்டர் முக்கு, முக்கு என்று சொல்வதும் காதில் விழுகிறது, ஆனால் எல்லாம் அடுத்த தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. நான் எங்கேயோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே எதிர்த்துப் பேச ஆளே இல்லை. சிஸ்டர் சொன்னாராம், பிள்ளை தலை தெரியுது, இவ விட்டுட்டா கஷ்டம், எப்படியாவது முக்க வைங்க என்று.

அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பயந்த அத்தையை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"ஏ மாரி, பேசுடி. ஏதாச்சும் சொல்லு. ஏண்டி சும்மா கெடக்க?"

நான் சும்மாதான் கிடந்தேன்.

"சேனை வைக்கக் கூடாதுன்னியே, ஏன் கூடாது? இப்பச் சொல்லு. சொல்லலைன்னா வச்சிருவேன். சம்படம் இடுப்புலதான் இருக்கு."

என்ன அநியாயம் பாருங்கள். ஒருத்தி பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறாள், அவளிடம் வந்து முடிந்துபோன விவாதத்தை எடுப்பதா? அடிவயிற்றிலிருந்து ஒரு ஆத்திரம் கிளம்பியது. அதோடு சேர்ந்து வலியும் வந்தது.

"ஒண்ணு" என்றேன். "பச்சப்புள்ள வயிறு... வெளித்தண்ணி... தாங்காது."

"அப்படித்தான், விடாத" என்றார் சிஸ்டர்.

"காய்ச்சி ஆறவச்ச தண்ணிடி. சம்படத்தையும் வெந்நியில போட்டு எடுத்திருக்கேன். இதுல எந்தக் கிருமி வரும்? சொல்லு" என்றாள் அத்தை.

அடுத்தது வந்தது. என் சுண்டுவிரல் மடங்கித்தான் இருந்தது, அதை அத்தை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு. ஒருத்தர் குணம்... ஒரு சொட்டுல... வராது."

"அப்ப உனக்கு எங்கிருந்துடி வந்துச்சு? தபாலாபீஸ்ல இருந்தா?"

நான் கத்தினேன். அந்தக் கத்தலில் வெளியே சோடா குடித்துத் தெளிந்திருந்த அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாளாம். சிஸ்டர், "கேளுங்கம்மா, இன்னும் கேளுங்க, தலை வந்துருச்சு" என்று அத்தையைத் தூண்டிவிட்டார். திரைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணும், "விட்டுராதீங்கக்கா, அடுத்ததைச் சொல்லுங்க" என்றாள். எனக்கு ஆதரவாகச் சொன்னாளா, அத்தைக்கு ஆதரவாகச் சொன்னாளா, இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

"மூணு" என்றேன்.

அவ்வளவுதான். மூணு என்ன என்று சொல்வதற்குள் இவள் வந்துவிட்டாள். வழுக்கிக்கொண்டு, சூடாக, ஒரே வீச்சில். அடைத்துக் கிடந்த வீட்டில் திடீரென்று எல்லா ஜன்னலும் திறந்த மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. நெஞ்சின் மேல் கொண்டுவந்து போட்டார்கள். நீலமும் சிவப்புமாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, யார் மேலோ பெரிய புகார் இருக்கிற மாதிரி ஒரு முகம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆரம்பித்தாள். அக்கா, வராந்தாவில் காளிராஜ் எழுந்து நின்றுவிட்டாராம். எதற்கும் பதறாத மனுஷன், ஒயர் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாராம். கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்போது பார்த்தேன், அத்தை கை இடுப்புக்குப் போனது. முடிச்சை அவிழ்த்தாள். சம்படம் வெளியே வந்தது. என்னால் விரலைக்கூடத் தூக்க முடியாது, சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி வேலையாக இருக்கிறார், இவளோ வாயை அகலத் திறந்து கத்துகிறாள். தடுக்க ஆளே இல்லை. அத்தை சம்படத்தைப் பார்த்தாள், இவள் வாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மூணாவது என்னன்னு நீ இன்னும் சொல்லலை" என்றாள். "முழுசாக் கேக்காம நான் எதுவும் பண்ணமாட்டேன்."

சம்படத்தைத் திரும்ப முடிந்து சொருகிக்கொண்டாள். இவள் தானாகத் தேடி என் நெஞ்சில் வாயை வைத்தாள். முதல் சொட்டு என்னுடையதுதான். ஜெயித்துவிட்டேன்.

சாயங்காலம் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, டீயில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு அத்தை கேட்டாள், இப்பச் சொல்லு, மூணாவது என்ன என்று. எனக்கு ஒரு நிமிஷம் மறந்தே போயிருந்தது. உடம்பெல்லாம் லேசாக, பசியாக, சிரிப்பாக இருந்தது. அப்புறம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு விரல் மடக்கத் தோன்றவில்லை.

"இத்தனை வருஷமா நான் பேசினது எல்லாத்தையும் உன் சேனைன்னு சொன்னாங்க அத்தை. நான் ஜெயிச்சது ஒண்ணுகூட எம்பேருல இல்லை. எம்புள்ளைக்கும் அப்படி ஆகக் கூடாது. அவ வாய் அவளோடதா இருக்கணும்."

அத்தை ரொட்டியை டீயில் விட்டுவிட்டாள். அது கரைந்து அடியில் போய்விட்டது.

"உனக்கு நான் வைக்கவே இல்லைடி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நான் பிறந்த அன்றைக்குச் சீனித் தண்ணீரை விரலில் தொட்டுக்கொண்டு போனாளாம். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேனாம். கத்துவதற்கு அவ்வளவு நேரம் திறந்த வாய், விரலைக் கண்டதும் பூட்டிக்கொண்டதாம். தலையைத் திருப்பித் திருப்பி ஒரே எதிர்ப்பு. சொட்டு அவள் சேலையில் விழுந்துவிட்டது. வெளியே எல்லாரும் வச்சாச்சா, வச்சாச்சா என்று கேட்கிறார்கள். வச்சாச்சு என்று சொல்லிவிட்டாளாம்.

"மிச்சத் தண்ணி?" என்று கேட்டேன்.

"நானே குடிச்சுட்டேன். அன்னைக்கு நல்ல வெயிலு." கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்புறம் சொல்லிறலாம்னுதான் இருந்தேன். நீ கப்பு வாங்கிட்டு வந்த. உங்கம்மா எம்பேரைச் சொன்னா. எம்பேரை அதுவரைக்கும் யாருடி நல்லதுக்குச் சொன்னா? வாயாடி, அடங்காதவன்னுதான சொல்லுவாங்க. அன்னைக்குத் தெருவே நல்லவிதமாச் சொல்லுச்சு. நானும் பேசாம இருந்துட்டேன்."

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கோப்பை, பட்டிமன்றம், விடுதிக் கேட்டு, காளிராஜ், எல்லாமே என்னுடையது. ஒரு சொட்டு பாக்கி இல்லாமல் என்னுடையது. எத்தனை வருஷத்து வழக்கு, தீர்ப்பு முழுசாக என் பக்கம்.

ஆனால் அக்கா, ஒரு விஷயத்தை விசாரிக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்வது என் வழக்கம் இல்லை. எந்தப் பக்கம் தலையைத் திருப்பினேன் என்று கேட்டேன். வலது பக்கம் என்றாள். விரல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேட்டேன். உதட்டுக்கு நேரே என்றாள். அப்படியென்றால், முதலாவது, ஈர விரல் உதட்டுக்கு நேரே இருக்கும்போது பிள்ளை தலையைத் திருப்பினால் ஓரத்திலாவது உரசியிருக்கும். இரண்டாவது, சொட்டு சேலையில் விழுந்தது என்றால் வழியில் என் வாய் இருந்திருக்கிறது. மூன்றாவது, பிறந்த பிள்ளைக்கு உதட்டை நக்குகிற பழக்கம் உண்டு, நான் படித்திருக்கிறேன்.

"படலைடி" என்றாள் அத்தை.

"ஓரத்துல?"

"படலை."

"ஒரு பிசுக்குகூடவா படலை? யோசிச்சுச் சொல்லு."

"படலைன்னா படலை. இப்ப என்னங்கற நீ, பட்டுச்சுன்னு சொல்லணுமா?"

நான் ஏன் அப்படிக் கேட்கப்போகிறேன்? எனக்கு உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆராய்ச்சி மாணவிக்கு அது முக்கியம். இன்றைக்கு வரைக்கும் வாரத்தில் நாலு நாள் போனில் இதே பேச்சுத்தான் எங்களுக்குள். அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுக்கொடுக்கத் தெரியாத பொம்பளை என்று முதலிலேயே சொன்னேனே.

இவளுக்குப் பேர் இன்னும் முடிவாகவில்லை, அத்தை ஒரு பேர் சொல்கிறாள், நான் ஒரு பேர். ஆறு மாதம் போன வாரம் முடிந்தது. இனிமேல் பருப்புச் சோறு ஊட்டலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். யார் ஊட்டினாலும் ஒன்றுதான், அதில் குணம் கிணம் எதுவும் இல்லை. நான் மதுரையில் வீட்டிலேயே ஊட்டியிருக்கலாம். ஆனால் பாருங்கள், சாத்தூரில் வெள்ளரிக்காய் நன்றாக இருக்கும், அதையும் வாங்கின மாதிரி இருக்கும், அத்தைக்கும் லீவு. அதுதான் அப்படியே கிளம்பினேன். பருப்பைக் குழைய வேகவைத்துத் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறேன். சீனி கிடையாது, அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் வாயை அத்தை விரலால் வைக்கட்டும் என்று சொன்னேன். எத்தனை மணி பஸ் என்று போனில் மூன்று தடவை கேட்டாள். இது சேனை இல்லை அக்கா. சேனை என்பது பிறந்த அன்றைக்கு. இது வேறு. நீங்கள் சிரிக்கிறீர்கள், ஆனால் சிரிப்பு ஒரு பதில் ஆகாது.

சாத்தூர் வந்துவிட்டது. அதோ அத்தை, வெள்ளரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில், பச்சைச் சேலை. ஆட்டோக்காரரிடம் என்னமோ பேசுகிறாள். மோதிர விரலுக்கு வந்துவிட்டாள், அவரும் இன்னும் நிற்கிறார், பாவம், புது ஆள் போலிருக்கிறது. நான் சீக்கிரம் இறங்க வேண்டும், அவள் நடு விரலில் எப்போதும் கோட்டை விட்டுவிடுவாள். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். செருப்பைப் பார்த்து. இவளை இப்படித் திருப்புங்கள், வாயோரத்தில் என்னமோ மினுங்குகிறது. எச்சில்தானே? நல்லாப் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா. நீங்கள் முதலில் நீட்டியபோது, பழம் படவில்லையே? ஓரத்தில்? ஒரு பிசுக்குகூட?